மலையகத்து மாடி வீட்டில் பெரிய மீன் தொட்டி: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது

மீன் கடையில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் கொழும்புக் கணக்கு. அங்கே அறைக்குள் வைத்த தண்ணீர் சும்மாவே 27, 28 பாகையில் நிற்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். ஹட்டனும் பண்டாரவளையும் 1,200 மீட்டருக்கு மேலே. கண்டி ஏறத்தாழ 500 மீட்டர்தான். கண்டிக்காரர்கள் கீழே வரும் குளிர்ப் பேச்சைப் பாதியாகக் குறைத்துப் படித்துக்கொள்ளலாம். மேலே ஏற ஏற மூன்று விஷயங்கள் மாறுகின்றன. தண்ணீர் குளிர்கிறது, அதில் கரையும் ஒட்சிசன் குறைகிறது, பல இடங்களில் குழாய்த் தண்ணீர் மிகவும் மென்மையாக வருகிறது. தொடர்மாடியில் குடியிருந்தால் நான்காவதாகக் கீழ் வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய தொட்டி என்று நான் சொல்வது நாலடியும் அதற்கு மேலும். 120 × 45 × 50 சென்ரிமீட்டர் தொட்டியில் ஏறக்குறைய 250 லிட்டர் தண்ணீர் நிற்கும். கீழே எல்லாக் கணக்கும் அந்த அளவை வைத்துத்தான்.

மீனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றதும் கை நேரே மருந்துப் போத்தலுக்குப் போகும். அதற்கு முன் மூன்று கேள்விகள்: விடியற்காலையில் தண்ணீர் எத்தனை பாகை? கடைசியாகத் தண்ணீர் மாற்றியது எப்போது, எந்தத் தண்ணீர்? கரண்ட் போய் வந்ததா? மலைநாட்டில் "நோய்" என்று கொண்டுவரப்படுவதில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

காலையில் மீன் அடியில் ஒடுங்கிக் கிடக்கிறது, மத்தியானம் சரியாகிவிடுகிறது

செட்டைகளை உடம்போடு ஒட்டி மடித்துக்கொண்டு மூலையில் கூட்டமாக நிற்கும். தீன் போட்டால் திரும்பிப் பார்க்காது. பத்து, பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி நீந்தும். இது குளிர், வேறொன்றுமில்லை. வேலை முடிந்து வந்து மாலையில் வெப்பமானியைப் பார்ப்பதால் இது பலருக்குப் பிடிபடுவதில்லை. காலை ஐந்தரை, ஆறு மணிக்குப் பாருங்கள். கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் பட்டை வெப்பமானி அறைக் குளிரையும் சேர்த்துக் காட்டும். தண்ணீருக்குள் போடுவதே சரி. ஹீட்டர் இருக்கும் முனையிலும் எதிர் முனையிலும் அளந்து பாருங்கள். இரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹீட்டரில் குறையில்லை, தண்ணீர் சுற்றவில்லை. பில்டரின் தண்ணீர் விழும் வாயை ஹீட்டரைத் தாண்டிப் போகும்படி திருப்பினாலே போதும்.

இரண்டு முனையும் ஒரே மாதிரிக் குளிர்ந்திருந்தால் ஹீட்டருக்குச் சக்தி போதவில்லை. லிட்டருக்கு 1 வாட் என்று சொல்லும் கணக்கு, அறையைவிடத் தண்ணீரை ஐந்தாறு பாகை மட்டும் கூட்டி வைக்கும் இடத்துக்கானது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவில் வெளியே 10 பாகைக்குக் கீழே இறங்கும், புல்லில் உறைபனி படியும் காலைகளும் உண்டு. அறைக்குள் 14, 15 இருந்தால் 25 பாகைத் தண்ணீருக்குப் பத்துப் பாகை தூக்க வேண்டும். 250 லிட்டருக்கு 200 வாட் ஹீட்டர் இரண்டு போடுங்கள், முனைக்கு ஒன்றாக. ஒரே 400 வாட்டாக வாங்கினால், அதன் தேர்மோஸ்டற் ஒட்டிக்கொண்ட நாளில் மீன் வெந்துவிடும். செத்துப்போன நாளில் உறைந்துவிடும். இரண்டாக இருந்தால் ஒன்று எப்படிப் பழுதானாலும் நீங்கள் கவனிக்கும்வரை தாங்கும்.

அடுத்தது லைட் பில். நாலடித் தொட்டியைப் பத்துப் பாகை தூக்கிப் பிடிக்க, மூடியும் கவசமும் இல்லாவிட்டால், சராசரியாக 150 வாட்டுக்கு மேல் இரவு பகலாக எரியும். மாதத்துக்கு நூறு யூனிட் தாண்டும். வீட்டுக் கட்டணம் படி ஏற ஏறக் கூடுவது, அதனால் அந்த நூறும் மேல் படியில்தான் போய் விழும். முதல் வேலையாகத் தொட்டியின் பின்புறம், இரண்டு பக்கம், அடி எல்லாவற்றுக்கும் ஓர் அங்குல ரிஜிபோம் (வெள்ளை நுரைத் தட்டு) வையுங்கள். அடியில் வைக்கும் தட்டுத் தொட்டி வைக்கும்போதே போக வேண்டும், பிறகு நுழைக்க முடியாது. மேலே கண்ணாடி மூடி கட்டாயம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது ஏறத்தாழ 0.68 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மூடாத நாலடித் தொட்டி குளிர் அறையில் நாளுக்கு ஒன்றிரண்டு லிட்டர் இழக்கும். நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கியது கூரைக்குப் போகிறது, கூடவே சுவரில் பூஞ்சணமும் வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இத்தனைக்கும் பிறகு பில் தாங்கவில்லை என்றால் மீனை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். டிஸ்கஸுக்கு 28, 30 பாகை வேண்டும். நுவரெலியாவில் அதை வளர்ப்பேன் என்பவரின் பொறுமையை மெச்சலாம், பின்பற்ற வேண்டியதில்லை. கோல்ட் பிஷ், வைட் கிளவுட், சீப்ரா டேனியோ, பெப்பர் கொரிடோராஸ் எல்லாம் 18 முதல் 22 பாகையில் சந்தோஷமாக இருக்கும். கோல்ட் பிஷ் 15ஐயும் தாங்கும். தீனை மட்டும் குறைத்துப் போட வேண்டும், ஏனென்றால் குளிரில் அதற்குச் செரிக்காது. வெள்ளைக்காரன் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டதும் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகளில்தான், கொழும்பில் அல்ல.

மேலே வந்து வாயைப் பிளக்கிறது

ஒரே ஒரு மீன் மட்டும் என்றால் அந்த மீனின் செவுளில் ஏதோ கோளாறு. எல்லாம் சேர்ந்து மேலே வந்தால் தண்ணீரில் மூச்சு இல்லை.

இங்கேதான் உயரத்தின் வேலை தெரியும். கடல் மட்டத்தில் 28 பாகைத் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும். நுவரெலியாவின் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் அதே 28 பாகைத் தண்ணீரில் 6.2 அளவுதான் நிற்கும். சூடாக்காத 15 பாகைத் தொட்டிக்கு இந்தக் கவலை இல்லை. குளிர்ந்த தண்ணீர் அதிகம் கரைக்கும், உயரத்தில் இழந்ததைக் குளிரில் ஈடுகட்டி 8 அளவில் நிற்கும். பிரச்சினை சூடாக்கிய தொட்டிக்குத்தான். மலையின் காற்றும் கடற்கரையின் சூடும் சேர்ந்தால் இரண்டு பக்கமும் நட்டம். ஆகவே ஹீட்டர் போட்ட ஒவ்வொரு தொட்டியிலும் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் தேவை. தொட்டிக்கு வெளியே வைக்கும் கெனிஸ்டர் பில்டர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அதன் வாய் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தால் மேற்பரப்பு கலங்காது, காற்று இறங்காது. வாயைக் கொஞ்சம் உயர்த்தி மேற்பரப்பு நெளியும்படி வையுங்கள்.

விடியலில் மட்டும் வாய் பிளந்தால் செடி அதிகமான தொட்டியாக இருக்கும், அல்லது மீன் அதிகம். இரவில் செடியும் மூச்சு விடும். தீன் போட்ட பின் என்றால் தீன் மிச்சமாகி அழுகுகிறது. மருந்து போட்ட பின் என்றால் மருந்தே ஒட்சிசனைக் குறைக்கிறது, காற்றைக் கூட்டுங்கள். பக்கத்து வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்களா, யாராவது கரப்பானுக்கு ஸ்ப்ரே அடித்தார்களா என்றும் கேளுங்கள். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகிறது. அப்படியானால் பம்பை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, பில்டரால் மேற்பரப்பைக் கலக்கவிட்டு, வாடை போனதும் பம்பைத் திரும்பப் போடுங்கள்.

தண்ணீர் மாற்றிய பிறகு சாகிறது

மாற்றி எவ்வளவு நேரத்தில், எப்படிச் செத்தது என்று பாருங்கள். காரணம் நேரத்தில் இருக்கிறது.

சில நிமிடத்திலேயே அங்குமிங்கும் பாய்ந்து, செவுள் சிவந்து, மேலே வந்தால் குளோரின். நீர்சபைத் தண்ணீரில் வாசனை சில நாட்கள் தூக்கலாக இருக்கும், முக்கியமாக அடை மழைக்குப் பிறகு. தொடர்மாடியில் இன்னொன்று: மேல்மாடித் தாங்கியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டு யாரும் சொல்ல மாட்டார்கள். குளோரின் நீக்கியை வாளியிலேயே போடுங்கள், அல்லது ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் முழுக்க வையுங்கள். இப்போதே தத்தளிக்கும் மீனுக்கு, நீக்கியைத் தொட்டியின் முழு அளவுக்கும் கணக்கிட்டு உடனே ஊற்ற வேண்டும்.

மீனின் உடம்பிலும் கண்ணாடியிலும் செடியிலும் மணி மணியாகக் குமிழி ஒட்டியிருந்தால் அது வாயு. மேலிருந்து அழுத்தத்தோடு இறங்கும் குளிர்ந்த தண்ணீரில் காற்று அளவுக்கு மீறிக் கரைந்திருக்கும். அது சூடான தொட்டிக்குள் வந்ததும் கரைந்த காற்று வெளியே வரத் தொடங்கும், மீனின் இரத்தத்துக்குள்ளேயும் சேர்த்து. குழாயிலிருந்து ஹோஸ் பைப்பில் நேரே தொட்டிக்கு விடுபவர்களுக்கு இது அடிக்கடி வரும். வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்தால் போய்விடும், குளோரினுக்கு மட்டும் மேலே சொன்னபடி செய்ய வேண்டும்.

அரை மணி, ஒரு மணியில் சாய்ந்து படுத்தால் குளிர் அதிர்ச்சி. 25 பாகைத் தொட்டியில் பாதியை எடுத்துவிட்டு 15 பாகைத் தண்ணீர் ஊற்றினால் கலவை 20. கால்வாசி மாற்றினால் 22.5. இரண்டாவதே பல மீன்களுக்கு எல்லை. 20 லிட்டர் வாளித் தண்ணீரை 15இலிருந்து 25க்குக் கொண்டுவர அதில் இரண்டரை லிட்டர் கொதிநீர் இருந்தால் போதும். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. முதலில் வாளிக்குள் கலந்து, கையால் அல்ல, வெப்பமானியை விட்டுப் பாருங்கள். குளிர்ந்த கைக்கு எல்லாத் தண்ணீரும் சூடாகத்தான் தெரியும்.

மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் செத்தால், அதுவும் நெடுநாள் நன்றாக இருந்த தொட்டியில், கதை வேறு. இது மலைநாட்டுக்கே உரிய கோளாறு, கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

இங்குள்ள பாறை பெரும்பாலும் சுண்ணாம்பு இல்லாத பழைய பாறை. அதன் மேல் வடியும் ஊற்றுத் தண்ணீரிலும், மலைச் சரிவிலிருந்து விழும் பீலித் தண்ணீரிலும் கரைந்த தாது மிகக் குறைவு. மாத்தளை, திகன பக்கம் டொலமைற்று இருப்பதால் அங்கே தண்ணீர் கடினமாக வருவதுண்டு, அது தனி. தண்ணீரின் கார இருப்பை மீன்காரர்கள் கேஎச் என்பார்கள், அதையும் பாகை என்றே எண்ணுவார்கள். தொட்டியின் பற்றீரியா மீன் கழிவின் அமோனியாவை மாற்றும்போது அமிலம் பிறக்கும், அந்த அமிலத்தைக் கேஎச் தின்று தீர்க்கும். கேஎச் 1, 2 மட்டுமே உள்ள தண்ணீரில் சில வாரங்களில் இருப்புத் தீர்ந்துவிடும். பிறகு பிஎச் (அமில அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 6க்குக் கீழே சரியும். அந்த அமிலத்தில் பற்றீரியா வேலையை நிறுத்திவிடும், அமோனியா சேரும். ஆனால் மீன் சாகாது, ஏனென்றால் அமிலத் தண்ணீரில் அமோனியா கிட்டத்தட்ட முழுவதும் தீங்கு குறைந்த அமோனியமாகத்தான் இருக்கும். மீன் கொஞ்சம் மங்கிப்போய், வளராமல், சும்மா இருக்கும். பார்ப்பவருக்குத் தண்ணீர் பழசாகிவிட்டது, மாற்றினால் சரியாகும் என்று தோன்றும். பெரிதாக மாற்றுவார். புதுத் தண்ணீரால் பிஎச் ஏறும். பிஎச் ஒரு புள்ளி ஏறினால் நச்சு அமோனியாவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். நன்மை செய்யப் போன கையாலேயே எல்லாம் போய்விடும்.

எனவே நெடுநாள் மாற்றாத தொட்டியில், மாற்றும் முன் பிஎச்சும் அமோனியாவும் பாருங்கள். பிஎச் 6க்குக் கீழே, அமோனியா இருக்கிறது என்றால் தீனை நிறுத்தி, நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். அமோனியா இறங்கிய பிறகு கேஎச்சை ஏற்றலாம். 100 லிட்டருக்கு 3 கிராம் அப்பச் சோடா கேஎச்சை ஒரு கேஎச் பாகை உயர்த்தும். நாளுக்கு ஒரு பாகைக்கு மேல் வேண்டாம். கேஎச் 3, 4 இல் நின்றால் தொட்டி ஆடாது. நிரந்தரமாக வேண்டுமானால் கழுவிய சிப்பி ஓட்டைத் துணிப் பையில் கட்டிப் பில்டருக்குள் போடுங்கள். தண்ணீர் அமிலமாகும்போது தானே கரைந்து கொடுக்கும். முருகைக் கல் தேடிப் போகாதீர்கள், நம் கடலில் அதைப் பெயர்ப்பது சட்டப்படி குற்றம்.

பீலித் தண்ணீர் பயன்படுத்துவோருக்கு இன்னும் ஒன்று. பீலிக்கு மேலே மரக்கறித் தோட்டமோ தேயிலையோ இருந்தால், உரம் போட்ட அல்லது மருந்தடித்த வாரத்தில் மழை பெய்தால் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். மேற்குச் சரிவில் இது மே முதல் செப்டெம்பர் வரை, பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை, அடிக்கடி எதிர்ப்படும். இரண்டு மூடி வாளியில் நல்ல தண்ணீர் எப்போதும் சேமிப்பில் இருக்கட்டும்.

உப்புத் தூவியது போல் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி

வெள்ளைப் புள்ளி நோய், சந்தேகமே வேண்டாம். ஹீட்டர் செத்த வாரத்துக்கோ புது மீன் வந்த வாரத்துக்கோ பிறகுதான் அனேகமாக வரும். இதை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. விழுந்து, பெருகி, நீந்தித் திரியும் சமயத்தில்தான் சாகும். 25 பாகையில் இந்தச் சுற்று ஒரு வாரத்தில் முடியும். 15 பாகையில் மூன்று வாரம் வரை இழுக்கும். போத்தலில் "ஐந்து நாள்" என்று எழுதியிருப்பது சூடான தண்ணீருக்கு. குளிர்த் தொட்டியில் ஐந்தாம் நாள் புள்ளி மறைந்தது என்று நிறுத்தினால் அது திரும்பி வரும், முன்னைவிடப் பலமாக.

வெப்ப மீன் என்றால் நாளுக்கு ஒரு பாகையாக 30 வரை ஏற்றி, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் வையுங்கள். மேலே சொன்ன ஒட்சிசன் கணக்கை மறக்காமல் இரண்டாவது ஏர் ஸ்டோனும் போடுங்கள். கோல்ட் பிஷ் தொட்டிக்குக் கல்லுப்பு லிட்டருக்கு 2 கிராம், அதாவது 250 லிட்டருக்கு அரைக் கிலோ, கரைத்து இரண்டு நாளில் பிரித்து ஊற்றுங்கள். செடி இருந்தாலோ கொரிடோராஸ் மாதிரி செதில் இல்லாத மீன் இருந்தாலோ உப்பு வேண்டாம்.

புதுத் தொட்டியில் மீன் நிற்கவே மாட்டேன் என்கிறது

தொட்டி இன்னும் பழுக்கவில்லை. பற்றீரியா வளர 25 பாகையில் நாலு முதல் ஆறு வாரம், குளிரில் அதைவிட நீளும். மீன் போடாமலே ஹீட்டரை 27இல் வைத்துத் தொட்டியைப் பழுக்கவிட்டு, பிறகு வேண்டிய பாகைக்கு இறக்குவது சுலபம். ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பொஞ் ஒரு துண்டு வாங்கினால் இன்னும் சுலபம். அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டும்வரை பொறுங்கள்.

தண்ணீர் நிறத்தையும் இதோடு முடித்துவிடலாம். பால் மாதிரி வெள்ளை என்றால் புதுத் தொட்டியின் பற்றீரியா, தானே தெளியும். பச்சை என்றால் ஜன்னல் வெயில், திரை போடுங்கள். தேநீர் நிறம் என்றால் மரக்கட்டைச் சாயம், கெடுதல் இல்லை. மண் நிறம் என்றால் மழைத் தண்ணீர், வாளியில் தெளியவிட்டுத்தான் ஊற்றியிருக்க வேண்டும்.

தரை ஈரம், கீழ் வீட்டுக் கூரையில் வட்டம்

மாடி வீட்டில் தொட்டி வைத்திருந்தால் ஒருநாள் படிக்கட்டில் இந்தப் பேச்சு வரும்:

"தம்பி, ஒங்க மீன் தொட்டி ஒழுகுதா? எங்க ஹோல் சீலிங்ல ஒரு வட்டம் தெரியுதே."

"இல்லீங்க அக்கா, இப்பவே பார்க்கிறேன்."

"பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவரு வேற கத்திக்கிட்டு இருக்காரு."

வீட்டில் தொட்டி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்தக் கட்டடத்தின் ஈரமெல்லாம் உங்கள் கணக்கில்தான். மறுத்துப் பேசாமல் சோதித்துக் காட்டுங்கள். தண்ணீர் மட்டத்தில் கண்ணாடிக்கு வெளியே டேப் ஒட்டி ஒரு கோடு போடுங்கள். மூடியைப் போட்டு, ஒரு நாள் தண்ணீர் சேர்க்காமல் விடுங்கள். மூடிய தொட்டியில் மட்டம் அரைச் சென்ரிமீட்டருக்கு மேல் இறங்காது. இறங்கவில்லை, ஆனால் கீழே வட்டம் பெரிதாகிறது என்றால் அது குளியலறைக் குழாய். வட்டம் குளியலறைப் பக்கமாக நீள்கிறதா என்று அக்காவோடு சேர்ந்தே பாருங்கள். அவரே பார்த்தால் பிறகு பேச்சு வராது.

மட்டம் இறங்கினால் இடத்தைத் தேட வேண்டும். காய்ந்த டிசு பேப்பரை நாலு செங்குத்து ஒட்டிலும் மேலிருந்து கீழாக அழுத்தி இழுங்கள். எங்கே நனைகிறதோ அதற்குச் சற்று மேலே பாருங்கள், தண்ணீர் கீழ்நோக்கித்தான் வழிந்திருக்கும். கண்ணாடி முழுக்க ஒரே சீராக நனைந்தால் ஒழுக்கு இல்லை, குளிர்ந்த கண்ணாடியில் படிந்த ஆவி; ஹீட்டர் போடாத தொட்டியில் மழைநாளில் இது வழக்கம். அடுத்துக் கெனிஸ்டரின் ரப்பர் வளையம். மணலோ முடியோ ஒட்டியிருந்தால் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் பூசிப் போடுங்கள். வஸ்லின் ரப்பரை ஊதவைத்துவிடும். கரண்ட் போன இரவில் மட்டும் தரை நனைகிறது என்றால் ஏர் பைப். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் காற்று நின்றதும் அதே குழாய் வழியே தண்ணீர் இறங்கும். ஒருவழி வால்வு ஒன்று பைப்பில் போடுங்கள், அல்லது பம்பைத் தொட்டிக்கு மேலே ஏற்றுங்கள். மிகச் சின்ன விலைச் சாமான், தொடர்மாடியில் அதைவிட முக்கியமானது வேறு இல்லை.

ஒட்டிலேயே ஒழுக்கு என்றால் வெளியே சிலிக்கோன் பூசி ஏமாற வேண்டாம், அது தண்ணீர் அழுத்தத்துக்கு நிற்காது. ஒழுகும் இடத்துக்குக் கீழே தண்ணீரை இறக்கி, மீனை மாற்றி, உள்ளே பழைய சிலிக்கோனைப் பிளேடால் சுரண்டி எடுத்து, பூஞ்சண மருந்து சேராத சிலிக்கோன் பூச வேண்டும். இந்த ஊர் ஈரத்திலும் குளிரிலும் முழுதாகக் காய ஒரு வாரம் கொடுங்கள். புளிச்ச வினாகிரி வாசனை போகாதவரை காயவில்லை.

சுவரில் பூஞ்சணம், தொட்டி நிற்கும் பெட்டியின் பலகை உப்புகிறது

சூடான தொட்டி, குளிர்ந்த வெளிச் சுவர், குளிருக்கு அடைத்த ஜன்னல். ஆவி போக இடமில்லாமல் சுவரில் படிகிறது. மூடி போட்டாலே பெரும்பகுதி தீரும். தொட்டிக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், பகலில் ஜன்னலைத் திறவுங்கள். மரத்தூள் அழுத்திச் செய்த மலிவுப் பலகைப் பெட்டி இந்த ஊருக்கு ஆகாது. ஓரம் உப்பினால் அது சுமை தாங்கும் பலமும் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். இரும்புச் சட்டத்துக்கு மாறுங்கள்.

கரண்ட் வந்த பிறகு மீன் சாகிறது

கரண்ட் இல்லாதபோது தாக்குப்பிடித்து, வந்த பிறகு சாவது பலருக்குப் புதிர். கெனிஸ்டருக்குள் தேங்கிய தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியா செத்து அழுகியிருக்கும். மோட்டார் திரும்ப ஓடியதும் அந்த அழுகல் மொத்தமாகத் தொட்டிக்குள் வரும். ஓரிரு மணிக்கு மேல் நின்றிருந்தால் கெனிஸ்டரைத் திறந்து, தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பொஞ்சை அலசிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும். நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் அதிகம் என்றால் கெனிஸ்டரோடு ஒரு ஸ்பொஞ் பில்டரும் வையுங்கள், பற்றரி ஏர் பம்பில் அது ஓடும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டியபோது பற்றரி ஏர் பம்ப் வைத்திருந்த தொட்டிகளுக்குத் தெம்பு இருந்தது. இப்போதும் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழைக்கு வயர் விழுவது வழக்கம். அப்போது முதலில் காற்று, பிறகுதான் சூடு. 250 லிட்டர் 25 பாகைத் தொட்டி, 14 பாகை அறையில், மூடியோடு மணிக்கு ஏறக்குறைய அரைப் பாகைதான் இறங்கும். கம்பளியைச் சுற்றினால் இன்னும் மெதுவாக. கொதிநீரைப் போத்தலில் அடைத்து மிதக்கவிடுவது மனத் திருப்திக்கு நல்லது. தொட்டியை ஒரே ஒரு பாகை ஏற்றவே ஒன்றரை லிட்டர் போத்தல் இரண்டு மூன்று தேவை. தீன் போடாதீர்கள்.

ட்ரிப் சுவிட்ச் விழுகிறது, அல்லது தண்ணீரில் கை வைத்தால் சுர்ரென்கிறது

கையை எடுங்கள். தொட்டி பிளக்கைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணையுங்கள், பிறகு எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். மெயினைப் போட்டு ஒவ்வொன்றாகச் செருகி, எதில் விழுகிறது என்று பாருங்கள். அனேகமாக ஹீட்டராக இருக்கும்: தண்ணீர் இறக்கும்போது அணைக்காமல் விட்டு, வெளியே தெரிந்த சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டு விரிசல். தண்ணீர் மாற்ற இருபது நிமிடத்துக்கு முன்பே ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். வயர் ஒவ்வொன்றும் பிளக் பொயிண்டுக்குக் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து மேலே ஏறட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பழைய கட்டடத்தில் ட்ரிப் சுவிட்ச் இல்லை, அல்லது சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழவில்லை என்றால் தொட்டிக்கு முன் அதைத்தான் மாற்ற வேண்டும்.

தண்ணீர் மட்டம் ஒரு பக்கம் சாய்ந்து தெரிகிறது

தொட்டியின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை இரண்டு முனையிலும் அடிமட்டத்தால் அளந்து எழுதி வையுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம், மாறாமல் இருக்கிறது என்றால் பெட்டி வைத்தபோதே சரியாக மட்டம் பார்க்கவில்லை. தண்ணீரை இறக்கிவிட்டுச் சரி செய்யலாம், நிறைந்த தொட்டிக்கு அடியில் ஆப்பு அடிக்கக் கூடாது.

வித்தியாசம் வாரா வாரம் கூடுகிறது என்றால் பெட்டி நொடிகிறது, அல்லது தரை. நாலடித் தொட்டி கண்ணாடி, கல், பெட்டியோடு 350 முதல் 400 கிலோ. 180 × 60 × 60 ஆறடித் தொட்டி ஒரு தொன்னை நெருங்கும். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ பரவலான சுமைக்கென்றுதான் பொதுவாக வடிவமைப்பார்கள். கொங்கிரீட் தளத்தில் நாலடித் தொட்டியைச் சுமை தாங்கும் சுவரின் அருகே, பீம்களுக்குக் குறுக்காக வைத்தால் சாதாரணமாக நிற்கும்; அறை நடுவில் வைப்பது வேறு. ஆறடிக்குப் பொறியியலாளர் ஒருவரைக் கேட்டே ஆக வேண்டும். பலகைத் தரை போட்ட பழைய மாடி வீடுகளில் நாலடியே வேண்டாம். அளவு கூடிக்கொண்டே போவதைக் கண்ட அன்றே தண்ணீரைப் பாதிக்கு இறக்குங்கள், மீனை வாளிகளுக்கு மாற்றி ஏர் ஸ்டோனைப் போடுங்கள், கீழ் வீட்டில் அந்த இடத்துக்கு நேர் கீழே கட்டில் இருந்தால் தள்ளிப் போடச் சொல்லுங்கள். பிறகு மேசன் பாஸ் வேண்டாம், தளத்தைப் பார்க்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.